20 மாதக் குழந்தைக்கு ஈஸ்டர் கூடை: வீட்டிலேயே செய்வது எப்படி?

முத்துநகர்_அம்மா (கேள்வி) – மார்ச் 12, 2026

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மூன்று ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் நகருக்கு அருகில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு இப்போது 20 மாதம். ஊரில் ஈஸ்டர் என்றால் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பும், இருட்டில் ஏற்றப்படும் பாஸ்கா திரியும், விடிந்ததும் வீட்டில் மணக்கும் கறிக்குழம்பும்தான் எனக்குத் தெரியும். முயலும் வண்ண முட்டையும் கூடையும் இங்கே வந்த பிறகுதான் அறிமுகமாயின. ஆனால் மகள் இங்கே வளர்கிறாள். அவளுடைய குழந்தைகள் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் கூடை வைக்கிறார்கள் என்பதால், அவளுக்கும் ஒன்று வைக்க ஆசைப்படுகிறேன்.

சென்ற ஆண்டு, அவள் 9 மாதக் குழந்தையாகத் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கண்ணாடித்தாள் சுற்றிய ஆயத்தக் கூடை ஒன்றைக் கடையில் வாங்கினேன். உள்ளே பாதிக்கு மேல் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல்தான் இருந்தது. நான் தண்ணீர் எடுத்துவரத் திரும்பிய நேரத்தில் அவள் அதில் ஒரு கொத்தை வாயில் வைத்துவிட்டாள். விரலை விட்டு இழுத்தபோது நீளமான இழை ஒன்று தொண்டையிலிருந்து வந்தது. அந்தப் பயம் இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆகவே இந்த முறை கூடையையும் உள்ளே வைப்பவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் மாமியார் இப்போது எங்களோடு இருக்கிறார். மணப்பாட்டுப் பக்கம் பிறந்தவர். சிறு வயதில் பனையோலைப் பெட்டி முடைந்து பழகியவர். இங்கே பனையோலைக்கு எங்கே போவது? சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் தந்த ஓலைகள் காய்ந்த நிலையில் வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு முடையலாமா, அல்லது வேறு எதைப் பயன்படுத்தலாம்? இந்த வயதுப் பிள்ளைக்குக் கூடையில் என்ன வைக்கலாம், எதை வைக்கவே கூடாது? வீட்டில் ஒரு பூனையும் உண்டு. ஈஸ்டர் ஏப்ரல் 5 அன்று வருகிறது. இன்னும் மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருப்பதால் நிதானமாகச் செய்ய இயலும்.


கூடைக்காரி – மார்ச் 12, 2026

சகோதரி, முதலில் ஓலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மந்திரிக்கப்பட்ட குருத்தோலையை அடுத்த ஆண்டுவரை வீட்டில் வைத்திருந்து, பிறகு கோவிலில் கொடுத்தால், அதை எரித்துத்தான் சாம்பல் புதனுக்குரிய சாம்பலை எடுக்கிறார்கள். விளையாட்டுக் கூடைக்கு அதைப் பயன்படுத்துவது உங்கள் மாமியாருக்கும் உவப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். தவிர, ஓராண்டு காய்ந்த ஓலை மடிக்கும்போது ஒடியும். ஒடிந்த ஓரம் பிஞ்சு விரலைக் கீறும்.

அதற்குப் பதிலாக, மளிகைக் கடைகளில் தரும் பெரிய பழுப்புக் காகிதப் பைகள் இரண்டு போதும். ஓலை முடையத் தெரிந்த கைக்கு இது மிக எளிதான வேலை. அந்தப் பையின் உயரம் ஏறக்குறைய 43 செ.மீ., வாயின் சுற்றளவு ஏறக்குறைய 96 செ.மீ. இருக்கும். ஒட்டிய ஓரத்தை மேலிருந்து கீழாக வெட்டி, அடிப்பாகத்தையும் நீக்கிவிட்டால் ஒரே பெரிய தாள் கிடைக்கும். முதல் பையின் தாளை உயரவாக்கில் 8 செ.மீ. அகலமாக வெட்டினால் 12 பட்டைகள் வரும். அச்சிட்ட பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் பாதியாகவும், மறுபடி பாதியாகவும் மடித்தால், நான்கு தாள் கனமும் 2 செ.மீ. அகலமும் உள்ள உறுதியான பட்டை ஆகிவிடும்.

நெடுக்கில் ஆறு, குறுக்கில் ஆறு என்று பாய் முடைவதைப் போல நடுவில் முடைந்து நெருக்கினால், 12 செ.மீ. சதுர அடிப்பாகம் அமையும். அதன் நான்கு ஓரங்களிலும் அளவுகோலை வைத்து அழுத்திப் பட்டைகளை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15 செ.மீ. எழுந்து நிற்கும். இரண்டாவது பையின் தாளை இப்போது நீளவாக்கில் வெட்டி, அதே முறையில் மடித்தால், 96 செ.மீ. நீளத்தில் ஐந்து பட்டைகள் கிடைக்கும். சுவரைச் சுற்றிவர ஒவ்வொன்றிலும் 52 செ.மீ. போதும், அதில் கடைசி 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு. ஒரு வளையத்தை முழுதாக முடித்து ஒட்டிய பிறகே அடுத்த வளையத்தைத் தொடங்க வேண்டும். அடுத்ததைத் தொடங்கும்போது, கீழ் வளையத்துக்கு வெளியே நின்ற பட்டை உள்ளே வரும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டுகள் ஒரே மூலையில் சேராமல் ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தை மாற்றுங்கள். துணி காயப்போடும் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டு கையில் இருந்தால் மூலைகள் நெகிழாமல் நிற்கும். இவை இல்லாமல் நான் முடைந்த முதல் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது.

ஐந்து வளையம் ஏறினால் 10 செ.மீ. உயரம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை 4 செ.மீ. மட்டும் மீந்திருக்கும்படி நறுக்கிவிட்டு, கடைசி வளையத்துக்கு வெளியே நிற்பவற்றை உள்ளேயும், உள்ளே நிற்பவற்றை வெளியேயும் மடித்து, ஒரு வளையம் கீழே தெரியும் அதே பட்டையின் அடியில் செருக வேண்டும். உங்கள் மாமியார் ஓலைப் பெட்டிக்கு வாய் கட்டிய நினைவிலேயே இதைச் செய்துவிடுவார். வளையப் பட்டைகளில் மீந்த 44 செ.மீ. துண்டுகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இரு முனைகளையும் எதிரெதிர்ச் சுவர்களின் வழியே அடிவரை செருகி ஒட்டினால் கைப்பிடியும் ஆயிற்று. அந்த அளவில் வளைவு சிறியதாக இருப்பதால் குழந்தையின் தலை அதற்குள் நுழையாது. இதைவிட நீளமான கைப்பிடியோ, தொங்கும் நாடாவோ வேண்டாம்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். இந்த வயதில் பிள்ளை கூடையின் விளிம்பைக் கட்டாயம் கடித்துப் பார்க்கும் என்பதால், மினுமினுப்புத் தூளும், ஒட்டும் மணிகளும், சூட்டில் உருக்கி ஒட்டும் பசையும் இதில் வேண்டவே வேண்டாம்.


தாதி_ஒருத்தி – மார்ச் 13, 2026

நான் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்ததைப் படித்தபோது மனம் பதறியது. உள்ளே வைக்கும் பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்வது விதி. வீட்டில் அந்த உருளைக்குப் பதிலாகக் கழிப்பறைத் தாள் சுற்றிய அட்டைக் குழலை வைத்துக்கொள்ளலாம். அது சற்றே பெரியது என்பதால் சோதனை இன்னும் கடுமையாகிறது. அது நமக்கு நல்லதுதான். கூடைக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் அந்தக் குழலில் இட்டுப் பாருங்கள். உள்ளே விழுவது எதுவும் கூடைக்கு வேண்டாம்.

ஈஸ்டர் கடைகளில் கண்ணைக் கவரும் ஜெல்லி பீன், மார்ஷ்மெலோ, கடின மிட்டாய், கொட்டைகள் வைத்த சாக்லெட் ஆகியவற்றை நான்கு வயதுவரை தரக் கூடாது. முழுத் திராட்சையும் அப்படித்தான். நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தர வேண்டும். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்த்த தின்பண்டங்களையே தவிர்க்கும்படி இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே, உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு இனிப்பே வைக்காவிட்டாலும் அவள் எதையும் இழக்கப்போவதில்லை; கூடையில் மிட்டாய் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெரியவர்களுடையது, அவளுக்கு அது தெரியாது.

இரண்டாகத் திறக்கும் சிறிய பிளாஸ்டிக் முட்டைகளை நான் விரும்புவதில்லை. மிதித்தால் விரிசல் விட்டுக் கூர்மையாகின்றன. சிறியவற்றின் பாதி ஓடு வாய்க்குள் போய்விடும். அவற்றுக்கு மாற்றாக, உங்கள் உள்ளங்கையை நிறைக்கும் அளவு மர முட்டைகளைத் தேடிப் பாருங்கள். பாட்டுப் பாடும் பொம்மை வைப்பதானால், பட்டன் பேட்டரி இருக்கும் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வையுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக் குடலை அடைக்கும்.

வைக்கத் தகுந்தவை நிறைய உண்டு. தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று, குளிக்கும்போது நீர் மொண்டு ஊற்றும் கிண்ணங்கள், கைக்கு அடக்கமான பூவாளி, புதுக் காலுறை ஒரு சோடி ஆகியவற்றைச் சொல்லலாம். பழைய காலுறையில் துணித்துண்டுகளை அடைத்து முயல் தைப்பதானால், கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலாலேயே தைத்துவிடுங்கள். மொத்தம் நான்கு பொருள் போதும். 20 மாதப் பிள்ளை முதலில் கையில் எடுப்பதோடு நெடுநேரம் விளையாடும், மற்றவை கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

பூனை இருப்பதால் இன்னொன்று. ஈஸ்டர் காலத்தில் இங்கே தொட்டி தொட்டியாக விற்கப்படும் வெள்ளை லில்லி பூனைக்குக் கொடிய நஞ்சு. இலையை மென்றாலும், உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அந்தச் செடியை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் வாசலோடு நிறுத்திவிடுங்கள்.


முத்துநகர்_அம்மா – மார்ச் 15, 2026

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாமியாரிடம் கூடைக்காரி எழுதியதை வாசித்துக் காட்டினேன். பாதி கேட்பதற்குள் பையை வெட்டத் தொடங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் முதல் கூடை முடிந்தது; அடிப்பாகத்தைத் தண்ணீர் தொட்டு நெருக்கினால் இன்னும் இறுகும் என்று ஓலைப் பழக்கத்தில் ஈரக் கையால் தடவினார், காகிதம் நைந்துவிட்டது. இரண்டாவது கூடை குறையின்றி வந்திருக்கிறது.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். பிளாஸ்டிக் புல்லுக்குப் பதிலாக எதைப் பரப்பலாம்? நிஜ முட்டையை வீட்டில் இருக்கும் பொருள்களாலேயே சாயமேற்றி, அதையே அவளுக்கு உரித்துக் கொடுக்க முடியுமா? அவித்த முட்டை அவளுக்கு மிகவும் பிடிக்கும்.


வன்னிமகள் – மார்ச் 16, 2026

வணக்கம் தங்கச்சி. நான் இருபத்தாறு வருடங்களாக ஜெர்மனியில் இருக்கிறேன். என் மூன்று பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தார்கள். இங்கே கூடை என்று சொல்வதைவிட ஈஸ்டர் கூடு என்றுதான் சொல்வார்கள், பறவைக் கூட்டைப் போல. முட்டையைக் கொண்டுவரும் முயலைப் பற்றி 1682ஆம் ஆண்டிலேயே கேயோர்க் பிராங்க் பான் பிராங்கெனாவ் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இங்கிருந்து 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களே அந்த முயலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள். முயல் வந்து முட்டையிட வேண்டும் என்று அவர்களுடைய பிள்ளைகள் தங்கள் தொப்பிகளையே கூடாக்கி வைத்தார்கள். நீங்கள் இருக்கிற லங்காஸ்டர் அவர்களுடைய ஊர்தான். ஆகவே, உங்கள் மாமியாரின் கூடை ஏதாவது ஒரு நாளில் நைந்துபோனாலும் கவலைப்பட வேண்டாம், மகளுடைய கம்பளித் தொப்பியை வாய் மேலே இருக்கும்படி வைத்தாலே அந்த ஊர் வழக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

புல்லுக்கு நான் சொல்வது கோதுமை. தோல் நீக்காத முழுக் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, மணிகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடிவிடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டுச் சன்னலோரம் வையுங்கள். எட்டிலிருந்து பத்து நாளில் ஒரு சாண் புல் நிற்கும். ஏப்ரல் 5க்கு வேண்டுமானால் மார்ச் 25 அல்லது 26 அன்று விதைப்பது சரி. முந்தி விதைத்தால் புல் வளர்ந்து சாய்ந்துவிடும். பிள்ளையே தினமும் தண்ணீர் தெளிக்கட்டும், என் கடைக்குட்டிக்கு ஈஸ்டரைவிட அந்தப் பத்து நாளும்தான் பெரிய திருநாளாக இருந்தது. பூனை கடித்தாலும் கேடில்லை. காகிதக் கூடைக்குள் மண்ணோடு வைக்க முடியாது என்பதால், புல்லை அரிந்து ஒரு சிறு துணியின் மேல் பரப்புங்கள்.

முட்டைக்கு வெங்காயச் சருகைப் போல எளிய சாயம் வேறில்லை. ஏழெட்டு வெங்காயத்தின் மேல்தோலை இரண்டு கோப்பைத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி (வினிகர்) சேர்த்தால், வெள்ளை முட்டை அதில் செம்மண் நிறம் எடுக்கும். மஞ்சள்தூள் மஞ்சளைத் தரும். சிவப்புக் கோவா (முட்டைக்கோஸ்) அவித்த ஊதாத் தண்ணீரில் முட்டையை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்தால், விடியும்போது அழகான நீலமாக இருக்கும். என் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அந்த நீலத்தைப் பார்க்க விடிய எழும்பி வருவார்கள். ஒரு கொத்தமல்லி இலையை ஈரமாக்கி முட்டையில் பதித்து, பழைய நைலோன் காலுறைத் துண்டால் இறுகக் கட்டி வெங்காயச் சாயத்தில் அவித்தால், இலையிருந்த இடம் மட்டும் வெளிறி, நரம்புகூடத் தெரியும்படி அச்சு விழும். முன்பு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் 40 நாளும் முட்டையை விலக்கி வைத்ததால், கோழி இட்டவை எல்லாம் சேர்ந்துபோய்த்தான் ஈஸ்டருக்கு முட்டை இவ்வளவு முக்கியமாயிற்று என்று எங்கள் பங்குத்தந்தை பிள்ளைகளுக்குச் சொல்லுவார்.


தாதி_ஒருத்தி – மார்ச் 16, 2026

வன்னிமகள் அக்கா சொன்ன முட்டைக்கு ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் உண்ணத் தகாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். எனவே சனிக்கிழமை இரவே கூடையில் அடுக்கி வைக்காமல், ஞாயிறு காலை மகள் எழுந்த பிறகு வையுங்கள். கூடையில் கிடந்து உருண்ட முட்டையின் ஓடு விரிசல் விட்டிருந்தால் அதைக் கொடுக்க வேண்டாம். உரித்ததை முழுதாகக் கையில் தராமல் நறுக்கிக் கொடுங்கள். மஞ்சள் கரு உலர்ந்து தொண்டையில் ஒட்டும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.


ஸ்கார்பரோ_அப்பா – மார்ச் 17, 2026

எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இனிப்பே கூடாது என்பதை இரண்டு வயதை நெருங்கும் பிள்ளைக்கு இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமா? எங்கள் மகனுக்கு அந்த வயதில் உள்ளீடற்ற சிறிய சாக்லெட் முயலின் காதை மட்டும் உடைத்துக் கொடுத்தோம். மீதியை நாங்கள் உண்டோம். பாட்டியும் தாத்தாவும் வைக்கும் ஓர் இனிப்பைப் பறித்துவிட்டால், அன்றைய மகிழ்ச்சி பெரியவர்களுக்குக் குறைந்துவிடுகிறது, அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, முட்டை தேடும் விளையாட்டை இந்த வயதுக்குத் தகுந்தபடி செய்யுங்கள். மறைத்து வைத்தால் பிள்ளைக்குப் புரியாது. கண்ணெதிரே, தரையில், நான்கடிக்கு ஒன்றாக மூன்று மர முட்டைகளை வைத்துவிட்டுக் கூடையைக் கையில் கொடுத்தால் போதும். எடுத்துப் போடுவதும், கொட்டுவதும், மறுபடி எடுப்பதும்தான் அவர்களுக்கு விளையாட்டு.


முத்துநகர்_அம்மா – ஏப்ரல் 7, 2026

ஈஸ்டர் நல்லபடியாக நிறைவேறியது. உங்கள் அனைவருக்கும் எங்கள் வீட்டார் சார்பில் நன்றி. கோதுமையை மார்ச் 25 அன்று விதைத்தோம். மகள் நாள்தோறும் தண்ணீர் தெளித்தாள், பாதித் தண்ணீர் தரையில். ஏழாம் நாள் பூனை ஒரு மூலையை மேய்ந்துவிட்டது, ஆயினும் கூடைக்கு வேண்டிய புல் இருந்தது. கொத்தமல்லி இலை பதிந்த முட்டையை மாமியார் உரிக்க விடவில்லை. அது இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. மஞ்சள் முட்டையை நறுக்கி மகளுக்குக் கொடுத்தோம்.

இனிப்பைப் பொறுத்தவரை, தாதி ஒருத்தி சொன்னபடியே விட்டுவிட்டேன். ஸ்கார்பரோ அப்பா சொன்ன சாக்லெட் முயலை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மாமனாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குச் சற்று வருத்தம்தான். கூடையில் ஓர் அட்டைப் புத்தகம், மஞ்சள் பூவாளி, காலுறை முயல், மூன்று மர முட்டைகள் ஆகியவை மட்டும் இருந்தன. மகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தன் செருப்பு ஒன்றைக் கூடைக்குள் வைத்து, அதை வீடெங்கும் சுமந்துகொண்டு நடந்தாள். நேற்றும் அதே செருப்புதான். கைப்பிடி அவள் முழங்கையில் மாட்டும் அளவுக்குச் சற்று நீளமாக இருப்பதால், ஒரு விரலளவு குறைத்து இன்னொன்று முடைவதற்காக மாமியார் மளிகைப் பைகளை எடுத்து வைத்திருக்கிறார்.